கையெழுத்துக்கு முன்னம்

2023ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசி. எனக்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து கணக்குக் கொப்பியைத் திறக்க, முதலாளி உள்ளே கூப்பிட்டார். மேசையில் தட்டச்சுச் செய்த தாள் ஒன்று. அதற்கு மேலே பேனை.

"பிள்ளை, யாபாரம் கிடக்கிற கிடை உமக்குத் தெரியும்தானே. உம்மோடை சேர்த்து நாலு பேரை நிப்பாட்ட வேண்டிக் கிடக்கு. ரெண்டு மாசச் சம்பளம் தாறன். இந்த நிலைமையிலை நீரும் பஸ்ஸிலை அலையத் தேவையில்லை. இதிலை ஒரு கையெழுத்தை வையும்."

அவர் கெட்ட மனிதர் அல்ல. கட்டடப் பொருள்கள் விற்கும் கடை அது. 2022இல் நாட்டின் பொருளாதாரம் விழுந்தபோது சீமெந்துக்கும் கம்பிக்கும் விலை ஏறிய ஏற்றத்தில், அத்திவாரம் போட்டவர்கள்கூட அப்படியே விட்டுவிட்டார்கள். நட்டம் என்று அவர் சொன்னது பொய்யும் அல்ல. அந்த நட்டத்தை மாதாமாதம் கொப்பியில் எழுதியவளே நான்தான்.

ஆனாலும் நான் பேனையைத் தொடவில்லை. "தாளை வீட்டை கொண்டுபோய் வாசிச்சுப்போட்டு நாளைக்குச் சொல்லுறன் சேர்" என்றேன். "இதிலை வாசிக்க என்ன கிடக்கு?" என்று கேட்டார். முகம் மாறியது. ஆனால் தாளைத் தந்துவிட்டார்.

நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லும் துணிவு எனக்குப் பிறவியில் வந்ததல்ல. பத்து வருடத்துக்கு முன்னர் ஒருமுறை கையெழுத்து வைத்துக் கெட்டவள் நான்.

2013இல் யாழ்ப்பாண நகரத்தில் ஒரு புடவைக்கடையில் நின்றேன். நியமனக் கடிதம் என்று ஒன்றும் இல்லை. ஆளை ஆள் தெரிந்து சேர்ந்த வேலை. மூத்தவன் வயிற்றில் ஏழு மாதம். நாள் முழுக்க நின்று கால் வீங்கியிருந்த நேரம், "பிள்ளைப்பேறு முடிய வாரும், இடம் இருக்கும். கணக்குக்கு ஒரு சின்னக் கடிதம் மட்டும் தந்திட்டுப் போம்" என்றார்கள். சந்தோசமாகக் கையெழுத்து வைத்தேன். "எனது சொந்த விருப்பத்தின் பேரில் விலகிக்கொள்கிறேன்" என்ற வரியை நான் கவனித்து வாசிக்கவே இல்லை. பிள்ளைக்கு ஐந்து மாதமானதும் போனேன். என் இடத்தில் வேறொரு பிள்ளை நின்றாள். அந்த ஐந்து மாதமும் வீட்டில் உலை வைத்தது என் தாலிக்கொடியை அடைவு வைத்த காசில். எனக்கு 84 நாள் முழுச் சம்பளம் வரவேண்டியிருந்தது என்பதும், அந்தக் கடிதத்தால் அதை நானே விட்டுக்கொடுத்தேன் என்பதும் அப்போது தெரியாது. சொல்ல ஆளும் இருக்கவில்லை. அம்மாவுக்குத் தெரிந்த தொழில் சட்டம் தோட்டக்காரர் தந்தால் வாங்குவது, தராவிட்டால் அடுத்த நாள் போய் நிற்பது.

இந்தமுறை அடுத்த நாள் கிளினிக் நாளாக வாய்த்தது. நிறை பார்த்து, பிறஷர் பார்த்து அட்டையில் எழுதிக்கொண்டிருந்த மருத்துவமாது, "ஏன் முகம் வாடிக் கிடக்கு?" என்று கேட்டா. சொன்னேன். அவ எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டா.

"கையெழுத்து வைச்சிட்டீங்களா?"

"இல்லை மிஸ்."

"அப்ப நேரை தொழில் அலுவலகத்துக்குப் போங்கோ. இந்த அட்டையையும் கொண்டுபோங்கோ."

வீட்டுக்கு வந்து அலுமாரிக்கு மேலிருந்த பையை இறக்கினேன். எங்கள் வயதுப் பெண்கள் எல்லாரிடமும் அப்படி ஒரு பை இருக்கும். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு நடந்தபோது எனக்கு ஆறு வயது. அம்மா சட்டி பானையை விட்டாலும் அந்தப் பையை விடவில்லை. பிறப்புச் சான்றிதழ்கள், குடும்ப அட்டை, பிறகு அப்பாவின் மரணச் சான்றிதழ். எந்தக் காம்பில், எந்தக் கந்தோரில் கேட்டாலும் எடுத்து நீட்ட வேண்டும் என்று அம்மா பழக்கின பழக்கத்தில், 2017 ஜனவரியில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சம்பளத் துண்டுகளையும் அதற்குள்தான் போட்டுவந்தேன். ஊழியர் சேமலாப நிதி அட்டையும் கிடந்தது. சகோதரிகளே, உங்கள் பையிலும் இவற்றுக்கு ஓர் இடம் வையுங்கள். நியமனக் கடிதம் தராத இடமாக இருந்தாலும், சம்பளத் துண்டு, வரவுப் பதிவின் படம், வங்கியில் சம்பளம் விழுந்த பக்கம், முதலாளி அனுப்பிய செய்தி ஏதாவது ஒன்று நீங்கள் அங்கே வேலை செய்ததைச் சொல்லும். கடிதம் இல்லை என்பதால் ஊழியர் இல்லை என்று ஆகிவிடாது.

நெல்லியடியில் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனேன். தொழில் அலுவலகத்தில் இருந்த உத்தியோகத்தர் என்னிலும் வயது குறைந்த ஒரு தங்கச்சி. அவவும் முதலில் கேட்டது அதே கேள்வி. கையெழுத்து வைக்கவில்லை என்றதும் கதிரையை இழுத்துப்போட்டு விளக்கமாகச் சொல்லத் தொடங்கினா. தமிழில்தான் எல்லாம். முறைப்பாடும் தமிழில் எழுதலாம்.

அவ சொல்லித்தான் எனக்கு ஒன்று விளங்கியது. நான் ஒரே பிரச்சினை என்று கொண்டுபோனதற்குள் இரண்டு பிரச்சினைகள் இருந்தன. பிள்ளைப்பேற்றுச் சம்பளம் ஒன்று. ஆட்குறைப்பு மற்றது. முதலாளிமார் இரண்டையும் ஒரே தாளில் சுற்றித் தருவார்கள். நாங்கள் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவதை எடுப்போம். தனியார் துறையில் வேலை செய்யும் பெண்களுக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. தொழிற்சாலை, தோட்டம் போன்ற இடங்களில் நிற்பவர்களுக்கு 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம். கடை, அலுவலகம் என்றால் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம். என்னுடையது இரண்டாவது. இரண்டிலும் விடுமுறை 84 நாள். பேற்றுக்கு முன்னர் 14, பின்னர் 70. கடை, அலுவலக ஊழியருக்கு வார விடுமுறையும் போயாவும் சட்டப்படியான விடுமுறை நாள்களும் இதற்குள் எண்ணப்படமாட்டா. ஆகவே கலண்டரில் பார்த்தால் மூன்று மாதத்துக்கு மேல் வரும். வருடாந்த லீவில் இதைக் கழிக்கவும் முடியாது. கடை, அலுவலக ஊழியருக்கு முழுச் சம்பளம். கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவர்களுக்கு சம்பளத்தில் ஏழில் ஆறு பங்கு என்பது சட்டம் வைத்த அளவு. குழந்தை உயிரோடு பிறக்காது போனால் 42 நாள். அந்தத் துயரத்தோடு அடுத்த கிழமையே வேலைக்கு வா என்று யாரும் கூப்பிட முடியாது.

முன்னர் மூன்றாவது பிள்ளைக்கு 42 நாள்தான் இருந்தது. 2018இல் இரண்டு சட்டங்களையும் திருத்தி, எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாள் என்று ஆக்கினார்கள். இது தெரியாமல் இன்னும் பழைய கணக்குச் சொல்லும் முகாமையாளர்கள் இருக்கிறார்கள். தொழிற்சாலையில் நிற்கும் தாய்மாருக்கு இன்னொன்றும் உண்டு. பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை, ஒன்பது மணித்தியால வேலைக்குள் பாலூட்ட இரண்டு இடைவேளை. வேலைத்தலத்தில் பிள்ளை பராமரிக்கும் இடம் இருந்தால் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். அரசாங்க உத்தியோகத்தருக்கு ஒழுங்கு வேறு. 84 வேலை நாள் முழுச் சம்பளம், அதற்குப் பிறகு 84 நாள் அரைச் சம்பளம், இன்னொரு 84 நாள் சம்பளமில்லாமல் எடுக்கலாம்.

கர்ப்பம் தரித்தாள், பிள்ளை பெற்றாள், அதனால் நோயுற்றாள் என்ற காரணத்துக்காக மட்டும் ஒரு பெண்ணை வேலையால் நிறுத்துவதை இந்த இரண்டு சட்டங்களும் தடுக்கின்றன. 'மட்டும்' என்ற அந்தச் சொல்லில்தான் முதலாளிமார் புகுந்து வருவார்கள். வயிற்றைப் பார்த்து நிறுத்தினேன் என்று எந்த முதலாளியும் எழுதிக் கொடுப்பாரா? நட்டம் என்றுதான் எழுதுவார்.

அங்கேதான் இரண்டாவது விஷயம் வருகிறது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. தொழிலாளர் சேவையை முடிவுறுத்துவதற்கான விசேட ஏற்பாடுகள் சட்டம் என்பது அதன் நீளமான பெயர். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், கடைசிப் 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்த ஒருவரை, ஒழுக்கக் குற்றம் அல்லாத காரணத்துக்காக நிறுத்துவதானால் இரண்டில் ஒன்று வேண்டும். தொழில் ஆணையாளரின் எழுத்து மூலமான முன் அனுமதி. அல்லது அந்தத் தொழிலாளியின் எழுத்து மூலமான சம்மதம். இரண்டும் இல்லாமல் நிறுத்தினால் அந்த நிறுத்தம் செல்லாது.

இப்போது விளங்குகிறதா அந்தப் பேனை ஏன் தாளுக்கு மேலே இருந்ததென்று? ஆணையாளரிடம் போனால் கணக்குக் காட்ட வேண்டும், விசாரணை நடக்கும், நட்டஈடு கட்ட வேண்டும். என் கையெழுத்து கிடைத்தால் ஒன்றும் வேண்டாம். பேற்றுக்கு மூன்று மாதம் இருக்கையிலே வேலையும் முடிந்துவிடும், வேலை முடிந்தவளுக்குப் பிரசவ விடுமுறையும் இல்லை.

முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன். அன்றே முதலாளிக்கும் ஒரு கடிதம் எழுதினேன்: வேலையிலிருந்து விலக எனக்குச் சம்மதம் இல்லை, யூலை மாதம் மகப்பேறு எதிர்பார்க்கிறேன், சட்டப்படியான விடுமுறை எடுப்பேன். கிளினிக் அட்டையின் பிரதியையும் சேர்த்து, கையில் கொடுக்காமல் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பைக்குள் போட்டேன். மாமிக்கு விருப்பமே இல்லை. "ஊருக்குள்ளை நாளைக்கு ஆரும் உனக்கு வேலை தருவினமோ?" என்று கேட்டா. அது பொய்யான பயம் அல்ல. யாழ்ப்பாணத்தில் கடைக்காரருக்குக் கடைக்காரர் சொந்தம், சொந்தமில்லாவிட்டால் ஒரே கோயில் உபயகாரர்.

விசாரணைக்கு அழைத்த அன்று முதலாளி சொன்னது: "என்னட்டை பன்னிரண்டு பேர்தான் வேலை செய்யினம்." 15க்குக் குறைவென்றால் அந்தச் சட்டம் அவரைப் பிடிக்காது. மாதச் சம்பளக்காரர் பன்னிரண்டு பேர் என்பது சரி. ஆனால் லொறியில் சீமெந்து ஏற்றி இறக்கும் ஆறு பேர் வருடக்கணக்காக ஒவ்வொரு நாளும் வருகிறார்கள். நாட்கூலி என்பதால் அவர்களை ஆளாகவே எண்ணவில்லை. சட்டம் பார்ப்பது, நிறுத்துவதற்கு முந்தின ஆறு மாதத்தில் சராசரியாக எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்பதை. அந்த ஆறு பேரின் கூலியைக் கிழமைக்குக் கிழமை எழுதியது நான்.

இதில் ஒரு வெட்கமும் எனக்கு உண்டு. நாட்கூலிக்காரருக்கும் ஊழியர் சேமலாப நிதி கட்டவேண்டும். தொழிலாளியின் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8, முதலாளியின் பங்கு 12, அதோடு நம்பிக்கை நிதியத்துக்கு 3. அவர்களுக்கு அது கட்டப்படவில்லை என்பது கணக்கு எழுதிய எனக்குத் தெரியும். ஆறு வருடமாக நான் வாய் திறக்கவில்லை. என் வயிற்றுக்கு வந்தபோதுதான் அவர்களையும் எண்ணிக்கையில் சேர்க்கச் சொன்னேன்.

உத்தியோகத்தர் சம்பளப் புத்தகத்தைக் கொண்டுவரும்படி கேட்டதும் முதலாளி தணிந்தார். அந்தப் புத்தகம் வெளியில் வந்தால் என்னுடைய பிரச்சினையைவிடப் பெரிய பிரச்சினை அவருக்கு. நிறுத்துவதாகச் சொன்னதை மீளப் பெறுவதாக எழுதிக் கொடுத்தார். லொறிக்காரருக்கும் அடுத்த மாதத்திலிருந்து நிதி கட்டத் தொடங்கினார். பழைய பாக்கி பற்றி அவர்கள் தாங்களே பிறகு முறைப்பாடு கொடுத்தார்கள்.

15 பேருக்குக் குறைந்த இடம் என்றால் வழி இல்லையா என்று சிலர் யோசிப்பீர்கள். உண்டு. நியாயமில்லாமல் நிறுத்தப்பட்டவர் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கலாம். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், நீதியும் ஒப்புரவும் எது என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அதற்கு இருக்கிறது. வழக்கறிஞருக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம். எங்கே போனாலும் நிறுத்தப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதம் என்ற எல்லையை மறக்கவேண்டாம். பிள்ளை பெற்ற உடம்போடு ஆறு மாதம் எப்படிப் போகுமென்று பெற்றவர்களுக்குத் தெரியும். முதல் கிழமையிலேயே போய்விடுங்கள்.

யூலையில் யாழ். போதனா வைத்தியசாலையில் மகள் பிறந்தாள். சம்பளம் முழுதாக வந்தது, மூன்று துண்டாக. ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு தரம் ரெலிபோன் எடுக்க வேண்டியிருந்தது. ஒக்ரோபரில் திரும்பப் போனபோது என் மேசை படிக்குக் கீழே மாற்றப்பட்டிருந்தது, மின்விசிறி இல்லாத பக்கம். முன்னர் தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்ட இரண்டு பேர் கூப்பிடவில்லை. சட்டத்தில் இதற்கெல்லாம் பிரிவு இல்லை. மாமி மத்தியானத்தில் பிள்ளையைக் கடைக்குப் பின்பக்கம் கொண்டுவருவா. வேண்டாம் என்ற அதே மாமிதான்.

வியாபாரம் எழும்பவில்லை. 2024இல் முதலாளி இந்தமுறை முறைப்படி தொழில் ஆணையாளரிடம் விண்ணப்பித்தார். விசாரணைக்குப் பிறகு அனுமதி கிடைத்தது, நட்டஈட்டுடன். இதற்கு 2005இல் வர்த்தமானியில் வந்த ஒரு வாய்பாடு இருக்கிறது. முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம், ஆறாம் வருடத்திலிருந்து பதினான்காம் வருடம் வரை வருடத்துக்கு இரண்டு மாதம், அதற்குப் பிறகு படிப்படியாகக் குறையும். எனக்கு ஏழு வருடம் முடிந்திருந்தது. பதினாறரை மாதம். 38,000 ரூபாச் சம்பளத்துக்கு 627,000 ரூபா. அதோடு பணிக்கொடை. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்பதால் அது 133,000. முதல் நாள் அந்தத் தாளில் எழுதியிருந்த தொகை 76,000.

முதலாளியின் பக்கத்தையும் யோசித்தால் ஒரு குறை தெரியும். எங்கள் நாட்டில் தனியார் துறைப் பிரசவச் சம்பளம் முழுவதையும் முதலாளியே தன் கையால் கட்டவேண்டும். இந்தியாவில் ஊழியர் அரசாங்கக் காப்புறுதியில் சேர்ந்த பெண்களுக்கு அந்த நிதியிலிருந்து கொடுக்கிறார்கள். அங்கே 2017இலிருந்து முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம். இப்படியான செலவை ஒரு முதலாளியின் தலையில் மட்டும் போடக்கூடாது, பொது நிதியோ காப்புறுதியோ சுமக்க வேண்டும் என்பதுதான் சர்வதேச தொழில் அமைப்பு 2000இல் கொண்டுவந்த சமவாயத்தின் நிலைப்பாடும். அப்படி ஒரு நிதி இங்கே இல்லாததால், சின்னக் கடைக்காரர் கலியாணம் கட்டின பிள்ளையை வேலைக்கு எடுக்கவே யோசிக்கிறார்.

அதைவிட வெளியில் நிற்பவர்கள் அதிகம். அம்மா வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கு நின்று, நோ கண்ட பிறகுதான் தங்கச்சியைப் பெற வீட்டுக்கு வந்தவ. இன்றைக்கும் வீட்டில் தையல் மெசின் வைத்திருப்பவளுக்கும், பனையோலைப் பெட்டி இழைத்து விற்பவளுக்கும், மீன் கருவாடு போடுபவளுக்கும் 84 நாள் என்று ஒன்று இல்லை. அவர்களுக்குக் கிடைப்பது கிளினிக்கில் தரும் திரிபோஷாவும், 2015இல் மாதம் 2,000 ரூபா பெறுமதியாகப் பத்து மாதத்துக்கென்று தொடங்கி, பிறகு கூட்டிய கர்ப்பிணித் தாய்மாருக்கான போசாக்குக் கொடுப்பனவும்தான். அதற்கும் மருத்துவமாதுவிடம் நேரகாலத்தோடு பதிய வேண்டும்.

போன மாதம் பளைப் பக்கத்திலிருந்து சொந்தக்காரப் பிள்ளை ஒருத்தி வந்தாள். கண்ணிவெடி அகற்றும் வேலையில் நின்றவள். புருசன் இல்லாத தாயும் இரண்டு தம்பிமாரும் அவளின் உழைப்பில்தான். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்த நாளிலிருந்து, எந்த மாதம் கடைசி மாதமோ என்ற பயத்தோடேயே வேலை செய்ததாகச் சொன்னாள். இப்போது மூன்றாம் மாதம். இன்னும் மேற்பார்வையாளருக்குச் சொல்லவில்லை. ஒப்பந்தம் முடியுமுன் நிறுத்தப்போகிறார்கள் என்று கதை அடிபடுகிறதாம்.

ஒப்பந்தத்தைக் கொண்டுவந்திருந்தாள். ஆங்கிலத்தில் இருந்தது. இருந்து வரிவரியாகப் பார்த்தோம். முடிவுத் திகதிக்கு இன்னும் எட்டு மாதம் கிடந்தது. நான்கு தரம் புதுப்பித்த பழைய ஒப்பந்தங்கள் எங்கே என்று கேட்டேன்.

"வீட்டிலை அம்மான்ரை பைக்குள்ளை கிடக்கு அக்கா."

"அதுகளையும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை வா. நானும் வாறன்" என்றேன்.